மேலக்கா இல்லாத மாடிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல் மட்டும் பழையபடி குடைகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? திரும்பிப் படுக்கவாவது விடுகிறார்களா? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே போன், பேச ஆரம்பித்தால் பின்னால் வரிசை நிற்கும், கடிதமே போடு என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கொஞ்சம் அழுத்தினாலும் பேனா முறிந்துவிடுகிறது.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. உன் அறைக்குப் படியே கிடையாது என்பதை ஏன் சொல்லவில்லை? மூச்சு வாங்க எல்லா மாடியும் ஏறி மொட்டை மாடிக்கு வந்து நின்றால், உன் அறை தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே காக்கைக்கூடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பறந்து வருகிறவளுக்கு ஏணி எதற்கு! குழாயைப் பிடித்து ஏறினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. ஏரியாவைக் காப்பாற்ற வந்தவன் செய்த முதல் காரியம் அதுதான்.

நேற்று எதிர்க் கட்டடத்தில் நாலாவது மாடியில் கேஸ் கசிவு. கதவைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், திறப்பாரில்லை. உடைத்துக்கொண்டு போனால் குடும்பமே ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "தள்ளுப்பா, மேலக்கா வர்ற நேரம்" என்கிறார் வீட்டுக்காரர். "அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. நான் அவங்க தம்பி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பின்னா கதவு வழியாவா வருவாரு?" என்று மனைவியிடம் கேட்டார். கேஸை மூடிவிட்டு, உடைத்த கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தேன்.

முக்குக் கடை டீக்காரர் எனக்குப் பெயர் வைத்துவிட்டார். நீ மேலக்காவாம், நான் கீழத்தம்பியாம். சாயங்காலத்துக்குள் ஏரியா முழுக்கப் பரவிவிட்டது.

துறைமுகத்தில் நான் காவல் பார்த்த இடத்தை நம் சங்கம் வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறது. கப்பல் சங்கிலியும் இரும்புப் பெட்டியும் தூக்கிப் பழகியவனுக்கு இந்த ஏரியாவில் எல்லாமே கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. நீ குணமாகி வருகிறவரைக்கும்தானே, சமாளித்துவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தடியனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. நர்ஸ் உன்னைத் திட்டினாள். நான் சுமாராக இருக்கிறேன். நீ ஏணிக்கு ஏற்பாடு செய்துகொள், குழாயைத் தொடாதே.

திங்கட்கிழமை ஆபரேஷன். முதுகு டாக்டர் நல்ல மாதிரி. பாலத்தடியில் பஸ்ஸோடு விழுந்தபோது எந்தப் பக்கம் முதலில் தரையில் பட்டது என்று கேட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை நான் கவனிக்கவில்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே இருப்பவர்களுக்கு நான் இத்தனை வருடமாகச் சொல்லிப் பழக்கியது ஒன்றுதான். ஆபத்து என்றால் மேலே போங்கள், மொட்டை மாடியில் வந்து நில்லுங்கள், நான் வந்து தூக்கிக்கொள்கிறேன். எனக்கு அது சரி. உனக்குச் சரிவராது. நீ கீழேயிருந்து வருகிறவன். அதனால் வீடு வீடாகப் போய், இனிமேல் கீழே வாருங்கள் என்று சொல். ஒரு தடவை சொன்னால் போதாது.

அப்புறம், அந்தப் பல்லைக் காட்டிவிடு. எதிர்க் கட்டடத்தில் ஆறாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். கைராசிக்காரர். லிஃப்ட் பாதி நாள் ஓடாது, அதனால் கூட்டம் இருக்காது. என் தம்பி என்று சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம், சும்மா பல்லைக் காட்டிவிட்டு வா.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் எப்படி நடந்தது? வலி தாங்குகிறதா? சங்கத்தில் கேட்டால் 'நல்லபடியாக முடிந்தது' என்று மட்டும் சொல்கிறார்கள். நீயே இரண்டு வரி எழுது. நான் நன்றாக இருக்கிறேன்.

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எதிர்க் கட்டடத்து ஏழாவது மாடித் தையல்காரம்மா மட்டும் நான் சொல்லச் சொல்ல என் தோளை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். "கீழதானே, வந்துட்டாப் போச்சு. கையைத் தூக்குப்பா" என்றார். மறுநாளே ஒரு சிவப்பு மேலங்கி தைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். உன்னுடையது மாதிரியே. "பறக்கிறவங்களுக்குத்தாம்மா இது" என்றேன். "போட்டுக்கிட்டா ஒருநாள் பறந்துடுவே" என்றார். போட்டுக்கொண்டேன். மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டி இரண்டு தடவை கழுத்தை நெரித்துவிட்டது.

பல் டாக்டரைப் பார்த்தேன். உன் தம்பி என்று சொன்னதும் கையில் இருந்த கண்ணாடியைக் கீழே போட்டார். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் "வாயைத் திறங்க" என்றார். வாயைத் திறந்துகொண்டு எப்படிப் பதில் சொல்வது? ஊசியைப் பார்த்ததும் நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கினேன். நசுங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, இந்தப் பக்கம் உங்க அக்கா நசுக்கினது. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

ஆறாவது மாடியில் இருந்துகொண்டு ஜன்னலை அகலத் திறந்துபோட்டிருக்கிறார். காற்றில் பஞ்செல்லாம் பறக்கிறது. "மூடி வெச்சுக்கலாமே டாக்டர்" என்றேன். "பழகிடுச்சு" என்றார். உன் அறைக் கிழக்கு ஜன்னலில் இருந்து பார்த்தால் நேரே அந்த ஜன்னல்தான் தெரிகிறது. நானும் முட்டாள் இல்லை அக்கா. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

உன் தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

எழுந்து உட்கார விட்டுவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம் நேராக இருக்கும். நீ நன்றாக இருப்பது கேட்டுச் சந்தோஷம். மேலங்கியைக் கழற்றி மடித்து வை. ஆனால் அந்த அம்மா எதிரே வரும்போது மட்டும் போட்டுக்கொள்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் தினமும் வந்து காலில் ஊசியால் குத்தி, தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது. இங்கே என் படுக்கைக்கு எதிரே பெரிய ஜன்னல். வெளியே மலைச்சரிவு. பருந்து ஒன்று வருகிறது. இறக்கையை அசைக்காமலே அரைமணி நேரம் சுற்றுகிறது. நர்ஸிடம் சொல்லிக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். கண் கூசவில்லை.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஒரு மழை நாளில் விளக்குக் கம்பத்தில் மோதி முன்பல் உடைந்துவிட்டது. வலியில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே விழுந்தேன். அது பல் டாக்டருடைய ஜன்னலாக இருந்தது என் அதிர்ஷ்டம். அவர் பயப்படவே இல்லை. ஈரத்தோடு நாற்காலியில் உட்காராதீங்க என்று துண்டை நீட்டினார். அன்றிலிருந்து அந்த ஜன்னலை மூடுவதில்லை. வேலை இல்லாத நேரம் போவேன். டீ போட்டுத் தருவார். பேச்செல்லாம் பல்லைப் பற்றித்தான். அவ்வளவுதான், நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே.

அடுத்த தடவை போகும்போது, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுந்து உட்கார்ந்ததை டீக்கடையில் சொன்னேன். அன்றைக்கு எல்லாருக்கும் ஓசி டீ. ஒரு கிளாஸுக்குமேல் எனக்கும் கொடுத்தார், இத்தனை நாளில் முதல் தடவை.

இந்த வாரம் நல்ல வாரம். நின்றுபோன லிஃப்டைக் கயிற்றைப் பிடித்து நானே கையால் இழுத்து மேலே கொண்டுவந்தேன். உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மா, "மேலக்கா இப்படி இழுக்க மாட்டாங்க" என்றார். சத்தியமாகச் சொன்னார் அக்கா, நான் இட்டுக்கட்டவில்லை.

டாக்டரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"நான் நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காங்களா, இல்ல, நல்லா ஆயிடுவேன்னு எழுதியிருக்காங்களா?"

"நல்லா இருக்கேன்னுதான்."

"எப்ப திரும்பி வருவாங்களாம்?"

"அது எழுதலை. நீங்களே ஒரு கடிதம் போடுங்களேன் டாக்டர்."

"உட்கார்ந்தேன் தம்பி, நிஜமாவே உட்கார்ந்தேன். பல்லை நல்லா தேய்ங்கன்னு ஒரு வரி வந்துச்சு. அதுக்கு மேல வரலை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம், அவரும் சிரித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். எழுத வராதவர் நேரில் வரட்டும். அடுத்த மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ரயிலேறி உன்னைப் பார்க்க வருகிறோம். இப்போதே சட்டைக்குத் துணி எடுத்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் இப்போது வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே பார்க்க வருகிறவர்களை அதிக நேரம் இருக்க விடுவதில்லை. நானும் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றித்தான் நடக்கிறேன். இந்தக் கோலத்தில் யாரும் பார்க்க வேண்டாம். நீ பார்த்தால் பரவாயில்லை. அவர் வேண்டாம்.

டாக்டரிடம் எனக்காக ஒன்று சொல். கோடை மழை ஆரம்பிக்கப் போகிறது, ஜன்னலை மூடிவைத்துக்கொள்ளச் சொல். அக்கா சொன்னாள் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். சட்டை எந்த நிறமாக இருந்தாலும் அவருக்கு நன்றாகத்தான் இருக்கும்.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை. கையில் சின்னதாகக் கட்டுப் போட்டிருந்தேன், அதனால் எழுத முடியவில்லை. இங்கே ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். அணைத்துவிட்டார்கள். நீ நன்றாக நடக்கிறாயா?

நீ சொன்னபடியே நாங்கள் வரவில்லை.

வெயில் கடுமையாக இருக்கிறது. உன் அறைக் கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டேன். டீக்கடைக்காரர் உன்னை விசாரித்தார். தண்ணீர்க் குழாய் இப்போது ஒழுகுவதில்லை.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


மே 9

அன்புத் தம்பிக்கு,

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? உன் கையைச் சுட வேண்டுமானால் அது சின்னத் தீயாக இருக்க முடியாது. மருந்து போடு. வேளைக்குத் தூங்கு. நான் கைத்தடியோடு வராந்தாவரை நடக்கிறேன்.

உன்னால் முடிந்த எதையும் நீ செய்யாமல் விட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன்.

டாக்டர் எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

உன் அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை.

நீ வராந்தாவரை நடப்பது பெரிய விஷயம். சாலையில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது, தூக்கிவிட்டேன். பஸ் டிப்போச் சுவர் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். தையல்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தைப்பதை நிறுத்திவிட்டார். தினமும் போய்ப் பார்க்கிறேன். மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் கழற்றிவிட்டேன்.

பல் இப்போது வலிப்பதில்லை. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

எப்போது வருவாய் என்று டாக்டர்கள் ஏதாவது சொன்னார்களா? நான் அவசரப்படுத்தவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி


ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியம். நன்றாகச் சாப்பிடு.

டாக்டரை விசாரித்ததாகச் சொல். அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுது. எந்த வரியாக இருந்தாலும் சரி.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி. பக்கத்தில் நர்ஸ் இருந்தால் இருக்கச் சொல்.

டாக்டர் இல்லை அக்கா. உன் ஏப்ரல் கடிதம் என் கைக்கு வருவதற்கு முதல் நாளே போய்விட்டார். சின்னத் தீ என்று எழுதினேனே, அது அவருடைய கட்டடம்.

கீழ்த்தளத்து மெத்தைக் கடையில் மத்தியானம் பற்றிக்கொண்டது. நான் போவதற்குள் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் படி விரிசல்விட்டு இறங்க ஆரம்பித்தது. அதற்கு அடியில் புகுந்து முதுகைக் கொடுத்து நின்றேன். ஜனங்கள் எனக்கு மேலே இறங்கிப் போனார்கள். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். எல்லாக் காலும் கீழேதான் போனது. நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறார்களே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா.

டாக்டர் தன்னிடம் வைத்தியத்துக்கு வந்தவரைக் கைத்தாங்கலாக இறக்கி விட்டுவிட்டுக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தையல்காரம்மா வந்துட்டாங்களா?"

"தெரியலை டாக்டர். கால்தான் தெரியுது. அவங்க செருப்பைப் பார்க்கலை."

"அப்ப மொட்டை மாடிக்குப் போயிருப்பாங்க."

"நீங்க போகாதீங்க, நான் போறேன்."

"நீங்க நகர்ந்தா இது விழுந்துடும். பின்னால இன்னும் ஆளுங்க வர்றாங்க. என் நாற்காலியில உட்கார்ந்தா ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டீங்க. இன்னிக்காவது அசையாம இருங்க தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேலே போய்விட்டார். போகாதீங்க டாக்டர் என்று கத்தினேன். கத்தினால் முதுகு அசைகிறது, படி அசைகிறது. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகத் தையல்காரம்மா இறங்கினார். தலைமேல் டாக்டருடைய வெள்ளைக் கோட்டு, ஈரமாக. அவர் பின்னால் யாரும் வரவில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே படி அப்படியே விட்டுப்போய்விட்டது. இந்த அம்மா தாண்டிவிட்டார், டாக்டர் தாண்டவில்லை.

என் சுமையை இறக்கிவிட்டு வெளியே ஓடினேன். பின்னால் படி முழுக்க விழுந்தது. தீயணைப்புக்காரர்களின் ஏணி நாலாவது மாடியோடு நின்றுவிட்டது. டாக்டர் தன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். குதிங்க, கீழத்தம்பி புடிச்சுப்பாரு என்று ஜனங்கள் கத்தினார்கள். நான் வேண்டாம் என்று கையாட்டினேன். துறைமுகத்தில் இரும்புப் பெட்டியைப் பிடிக்கிற கை இது. அத்தனை உயரத்திலிருந்து விழுகிறவருக்கு என் கையும் தரையும் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும். சுவரில் குத்திக் குத்திப் பிடி பண்ணி ஏறினேன். செங்கல் உதிர்ந்தது. இரண்டு தடவை வழுக்கிக் கீழே வந்தேன். நான் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு காயம் இல்லை. புகைதான். தூங்குகிறவரைத் தூக்குவது மாதிரிதான் தூக்கினேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மெதுவாக நான் தூக்கியதில்லை.

ஊர்க்கோடியில், ரயில் பாதைக்கு அப்பால் அடக்கம் செய்தோம். புதுச் சட்டை போட்டுவிட்டோம். அந்த அம்மா அழுதுகொண்டே பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீக்கடைக்காரர் என் கையில் கிளாஸைத் திணித்து, "குடி தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தையல்காரம்மா என்ன சொன்னார் என்று உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. "நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்துச்சுப்பா. கால் தானா மேல போயிடுச்சு. வானத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அவர் வந்து கையைப் புடிச்சு, அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்கம்மா, வாங்கன்னு கூட்டிட்டு வந்தார்" என்றார். இதைப் படித்தால் நீ எதை நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நினைக்காதே. உன் காலில் விழுகிறேன், நினைக்காதே.

ஜன்னலை மூடச் சொன்னாயே, அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. கடைசிவரை திறந்துதான் இருந்தது.

என்னைத் துறைமுகத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று சங்கத்துக்கு எழுதிவிட்டேன். உன் ஏரியா இது, நீ பார்க்கும் விதமாக என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நீ நடக்கிறாய் என்றால் சீக்கிரம் பறந்துவிடுவாய். வந்துவிடு அக்கா. ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்.

தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். நர்ஸ் பக்கத்தில் இருந்தாள். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், தெரிகிறது.

எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். இங்கே வார்டுக்குப் பத்திரிகை இரண்டு மூன்று நாள் தள்ளி வரும். நீ முதுகில் படியைத் தாங்கிக்கொண்டு நிற்கிற படம் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியிடம் என் தம்பி என்று காட்டினேன். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அப்புறம்தான் பார்த்தேன்.

தெரிந்தும் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன்னைச் சோதிக்க இல்லை. உன் கடிதத்தில் அவர் இறக்கவில்லை. நீ லாரியைப் பற்றியும் குழாயைப் பற்றியும் எழுதுகிறவரை அவர் அந்த ஜன்னலோரம் டீ போட்டுக்கொண்டிருந்தார். அதற்காகக் கேட்டேன். உனக்கு எவ்வளவு பாரம் என்று தெரிந்தும் கேட்டேன். போன கடிதம் எழுதும்போதுதான் போதும் என்று தோன்றியது.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த அன்றே முதுகு டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், படியேறலாம், பறப்பது இனி கிடையாது. எங்கோ ஒரு நரம்பு, அதை யாராலும் ஒட்டவைக்க முடியாது. சங்கத்தில் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஜன்னலை மூடச் சொன்னது அதனால்தான். இனி அந்த வழியாக வரப்போவதில்லை, காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாசல் வழியாகவும் அவரிடம் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார். அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேராதது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

நினைக்காதே என்கிறாய். நினைக்காமல் எப்படி இருப்பேன்? அந்த அம்மாவின் காலை மேலே திருப்பியது என் குரல்தான். அதை நான் சுமந்துகொள்கிறேன். நீயும் உன் பங்குக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்கும் ஒன்றைச் சுமக்கப் பிடித்திருந்தது, மேலே போனார். இதில் யாருடைய சுமையை யார் இறக்க முடியும்? ஆனால் அத்தனை பேர் உன் முதுகின்மேல் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பறக்கத் தெரிந்தவள் படிக்கு அடியில் நின்று என்ன செய்திருப்பாள்? ஏரியாவை நீ சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு தடவை எழுதினால் அங்கே வந்து உதைப்பேன்.

துறைமுகத்துக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். உன்னைக் கட்டிப்போட மாட்டேன். என்னிடம் ஒப்படைக்க மட்டும் காத்திருக்காதே. நான் பழைய மேலக்காவாக வரவில்லை. தையல்காரம்மாவோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூலாவது கோத்துக் கொடுக்கிறேன்.

பதினான்காம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். அறைக்கு அப்புறம் போகலாம். முதலில் அவரை வைத்திருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நீ ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும். மேலேயிருந்து பார்த்த ஊர்தான் எனக்குத் தெரியும். கீழே எந்தத் தெரு எங்கே போய்த் திரும்புகிறது என்று எனக்குத் தெரியாது.

கைத்தடியோடு வருவேன். மெதுவாக நட.

உன் அக்கா